சுவர் இல்லாத வீடுகள்!

வீடு உண்டு, சுவர் இல்லை. கதவு இல்லை. பூட்டும் இல்லை!

இப்படியும் ஒரு ஊர் உண்டா என்று கேட்கிறீர்களா?

உண்டு. பசிபிக் மகா சமுத்திரத்தில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே இருக்கிறது சமோவா. உபோலு, சவாய் என்று இரண்டு பெரிய தீவுகள். ஆப்பியா என்பது தலைநகரம். ஜனத்தொகை சுமார் 2 லட்சம். முதலில் ஜெர்மனியும் பிறகு நியூசிலாந்தும் இந்த நாட்டை ஆண்டன. 1962-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி சமோவா சுதந்திரம் பெற்றது.

குடை போல ஒரு வீடு

சமோவா வீட்டுக்கு 'ஃபலே' என்று பெயர். முட்டை வடிவத்தில் தூண்களை நட்டு, அவற்றின் மேல் குடை கவிழ்த்ததுபோலக் கூரை போடுவார்கள். பழைய முறையில் ஆணியே அடிப்பது இல்லை. எல்லாம் தேங்காய் நார்க் கயிற்றுக் கட்டுத்தான். மழை வந்தால் ஓலைத் தட்டியை இறக்கி விடுவார்கள்.

இப்போது சுவர் வைத்த வீடுகளும் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் கிராமங்களில் ஃபலேக்களை இன்றும் காணலாம்.

விருந்தாளி கவனிக்க வேண்டியது

ஃபலேக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பெரியவர்கள் பக்கம் காலை நீட்டக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் போக நேர்ந்தால், குனிந்தபடி 'துலோ' என்று சொல்ல வேண்டும். 'மன்னிக்கவும்' என்று அர்த்தம். நம் வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுத்தது போல இருக்கிறது அல்லவா?

பொழுது சாயும் நேரத்தில் பல கிராமங்களில் சங்கு அல்லது மணி ஒலிக்கும். அது பிரார்த்தனை நேரம். அப்போது தெருவில் நடமாடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளை உடை உடுத்தி மாதா கோவிலுக்குப் போவார்கள். பிறகு குடும்பத்தோடு விருந்து.

கல்லைச் சுட வைத்து, அதன்மேல் சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, மீன் எல்லாவற்றையும் அடுக்கி, இலையால் மூடி வேக வைப்பார்கள். சேம்பு இலையில் தேங்காய்ப் பால் ஊற்றிக் கட்டிய பொட்டலமும் உண்டு. அதன் ருசியே தனி!

முக்கியமான விருந்தாளி வந்தால் 'ஆவா' கொடுப்பார்கள். இது ஒரு வேரை இடித்துக் கரைத்த பானம். நம் மிளகும் வெற்றிலையும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பத்துச் செடியின் வேர் அது. கொட்டாங்கச்சியில் வாங்கி, சில துளிகளைத் தரையில் சிந்திவிட்டு, பிறகு குடிக்க வேண்டும்.

பாயைப் போர்த்தி மன்னிப்பு

சமோவாவில் ஒரு வழக்கம் நெஞ்சை உருக்கும்.

ஒருவன் கொலை போன்ற பெரிய குற்றம் செய்துவிட்டால், அவன் குடும்பத் தலைவர் விடிவதற்கு முன்னே பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலுக்குப் போவார். தாழை ஓலையில் மெல்லிசாகப் பின்னிய விலை உயர்ந்த பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மண்டியிட்டு உட்காருவார். வீட்டார் வந்து பாயை எடுத்துவிட்டால் மன்னித்துவிட்டதாக அர்த்தம். அதுவரை எழுந்திருக்க மாட்டார். இதற்கு 'இஃபோங்கா' என்று பெயர்.

கப்பலில் வந்த எமன்

திறந்த வீட்டுக்கு நல்லவரும் வரலாம், நோயும் வரலாம்.

1918-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, நியூசிலாந்திலிருந்து 'தலூன்' என்ற கப்பல் ஆப்பியாவுக்கு வந்தது. அதில் விஷக் காய்ச்சல் கண்டவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தனியே நிறுத்தி வைக்காமல் கரையில் இறங்க விட்டார்கள்.

சில வாரங்களில் ஊரே சுடுகாடு ஆயிற்று. சுமார் 8,500 பேர் மாண்டார்கள். ஐந்து பேருக்கு ஒருவர்!

பக்கத்துத் தீவான அமெரிக்க சமோவாவில் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார்கள். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை.

84 ஆண்டுகள் கழித்து, 2002-ல், நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

2019-ல் மறுபடியும் ஒரு சோதனை. தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பச்சைக் குழந்தைகள். தடுப்பூசி போடாதவர்கள் உள்ள வீட்டின்முன் சிவப்புத் துணி கட்டும்படி அரசாங்கம் சொன்னது. துணியைப் பார்த்து வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்

'புதையல் தீவு' கதை எழுதிய ஸ்டீவன்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு ஆப்பியாவுக்கு அருகே வைலிமாவில் இருக்கிறது. 1894-ல் இறந்த அவருக்கு மலை உச்சியில் சமாதி. லோட்டோஃபாகாவில், ஏணியில் இறங்கிக் குளிக்கும் ஆழமான கடல்நீர்க் குழி ஒன்று உண்டு. சவாய்த் தீவில் பாறைத் துளை வழியாகக் கடல் தண்ணீர் பீறிட்டு எழும். அதில் தேங்காயைப் போட்டால் வானத்துக்குப் பறக்கும்! அதே தீவில் 1905 முதல் 1911 வரை எரிமலை கக்கிய குழம்பு, சாலியாவுலாவில் மாதா கோவிலுக்குள்ளேயே புகுந்து உறைந்து நிற்கிறது.

கடற்கரைகள் பெரும்பாலும் கிராமத்தாருக்குச் சொந்தம். கேட்டுக்கொண்டு, அவர்கள் கேட்கும் சிறு கட்டணத்தைக் கொடுத்துவிட்டு இறங்குவதே மரியாதை.

சமோவா போகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒன்று, நம் கைலி மாதிரி அவர்கள் கட்டும் 'லவாலவா'. கிராமத்தில் முழங்கால் தெரியாமல் இருக்க அது உதவும். இன்னொன்று, தடுப்பூசி.

சுவர் இல்லாத வீட்டுக்கு விருந்தாளிதான் காவல்!