படம் பட்டா ஆகாது!

ஒரு புகைப்படம். 1899ஆம் ஆண்டு, கனடா நாட்டுப் புல்வெளியிலே எடுத்தது. ஏர் உழுகிறது. அதை இழுப்பது எருதா? இல்லை. குதிரையா? இல்லை. பெண்கள்! தலையிலே துணி கட்டிய பெண்கள், வரிசை வரிசையாக நின்று இழுக்கிறார்கள்!

என்ன மூர்க்கக் கூட்டமடா இது என்று ஏளனம் பேசினர், படம் பார்த்த பலர். படம் சொன்னது பாதி. மீதியைக் கேளுங்கள், தோழர்களே!

ஆடவர் கூலி தேடி இரயில் பாதை வேலைக்குப் போயிருந்தனர். இருந்த சில கால்நடைகளோ பாரம் சுமக்கவே போதவில்லை. பருவம் காத்திருக்குமா? பசிதான் காத்திருக்குமா? பெண்களே கூடி முடிவெடுத்தனர். தாங்களே ஏரை இழுத்தனர்.

யார் இவர்கள்? டுகோபார்கள்! ஆவியை எதிர்த்து மல்லுக்கு நிற்பவர்கள் என்று 1785இல் ருஷ்ய மதத் தலைவர் ஒருவர் வீசிய வசை அது. வசையை வாகையாகச் சூடிக்கொண்டனர் அவர்கள். ஆவியின் துணைகொண்டு மல்லாடுகிறோம் என்று பொருளை மாற்றினர். குருமார் வேண்டாம், திருவுருவப் படம் வேண்டாம், மனிதன் நெஞ்சே ஆண்டவன் இல்லம் என்றனர். தொழுகையிலே ஒருவரையொருவர் குனிந்து வணங்கினர். ரொட்டி, உப்பு, தண்ணீர், இவையே அவர்களது சின்னம். 1864 முதல் 1886 வரை அவர்களை வழிநடத்தியவர் லுகேரியா கல்மிகோவா என்ற பெண்!

மன்னராட்சி பொறுக்குமா? மொலோச்னயா ஆற்றங்கரையிலே வயல் கண்டு வாழ்ந்தவர்களை, 1841 முதல் 1845 வரை, ஏறத்தாழ 5,000 பேரைக் காக்கேசிய மலைநாட்டுக்கு விரட்டினான் முதலாம் நிக்கலஸ். இன்றைய ஜார்ஜியாவின் ஜவக்கேதி மேட்டுநிலம் அவர்களிலே பலருக்கு வாய்த்தது. மரமில்லை, மாதக் கணக்கிலே பனி. வறட்டி தட்டி அடுப்பெரித்தனர். மண்ணும் புல்லும் கொண்டு கூரை வேய்ந்தனர். தண்டனையாகத் தந்த நிலத்தைத் தாயகமாக்கிக் காட்டினர்!

1895இல், கொல்ல மாட்டோம் என்று கூறித் தம் ஆயுதங்களைக் குவித்துத் தீ வைத்தனர். விடை? கசாக்குப் படையின் சவுக்கடி! 1899இல் 7,000க்கு மேற்பட்டோர் கப்பலேறினர். டால்ஸ்டாய், தமது 'புத்துயிர்ப்பு' நாவலின் வருவாயை அந்தப் பயணத்துக்கு ஈந்தார். சென்ற நாட்டிலேதான் ஏர் இழுத்தார்கள் அந்தப் பெண்கள். இழுத்த நிலமாவது நிலைத்ததா? மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால்தான் நிலம் என்றது கனடா அரசு. ஆண்டவனுக்கன்றி வேறெவருக்கும் பிரமாணம் இல்லை என்றனர் இவர்கள். 1907இல், உழுது பண்படுத்திய நிலத்திலே பெரும்பகுதி பறிபோயிற்று! மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குச் சென்று, விலை கொடுத்து நிலம் வாங்கி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர்.

ஜவக்கேதியிலேயே தங்கியவர்கள் கதை வேறு. சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்தைக் கண்டனர். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பெரும்பாலோர் ருஷ்யா நோக்கிப் பெயர்ந்தனர். ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் சிறு கூட்டமாகச் சுருங்கினர்.

அந்தச் சிறு கூட்டத்தைத்தான் கோரெலோவ்கா முதலிய ஊர்களிலே பல ஆண்டுகள் படம் பிடித்திருக்கிறார் நடேலா கிரிகலாஷ்விலி என்ற ஜார்ஜியப் பெண்மணி. திருவுருவப் படத்தை வணங்க மறுத்தவர்கள், இன்று படத்திலே வாழ்கிறார்கள்! வண்ண உடையைக் காண்போர், அடடா, என்ன அழகு என்பர். ஆளற்ற வீட்டைக் காண்போர், ஐயோ பாவம் என்பர். அன்று ஏளனம், இன்று அனுதாபம். இரண்டுமே பாதிப் பார்வை!

முகத்தைப் பார்த்த கண், காலடி மண்ணையும் பார்க்கட்டும். யார் விரட்டினார், யார் உழுதார், யார் பறித்தார் என்று கேட்கட்டும். உழைத்தவர் இங்கே இருந்தார் என்பதற்குப் படம் சாட்சியாகும். நாளையும் இருப்பார் என்பதற்குப் பட்டா ஆகாது. அந்த உறுதியைத் தர வேண்டியது கேமரா அல்ல, நாடாளும் நீதி!