தாம்பரத்து மேசைக்கு எந்தச் சில்லு?

முதல்முறை லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று உட்காருபவரை ஒரு கோப்புப் பெயர் குழப்பிவிடும். டெபியனோ உபுண்டுவோ, எதை இறக்கப் போனாலும் பெயரின் கடைசியில் ‘ஏஎம்டி64’ என்று ஒட்டியிருக்கும். வீட்டில் இருப்பதோ இன்டெல் கணினி. இது நமக்கானதில்லை போலிருக்கிறதே என்று வேறு கோப்பைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

தேட வேண்டாம், அதுதான் சரியான கோப்பு. 2001-ல் இன்டெல் 64 பிட் உலகத்துக்கென்று இட்டானியம் என்ற புதிய சில்லை இறக்கியது. அதன் கட்டளை மொழி முற்றிலும் வேறு. பழைய நிரல்கள் அதில் திணறின. போட்டி நிறுவனமான ஏஎம்டி வேறு வழியில் போனது. பழைய எக்ஸ்86 கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றை 64 பிட்டுக்கு நீட்டி, 2003 ஏப்ரலில் ஆப்டெரான் சில்லை வெளியிட்டது. பழையதும் ஓடியது, புதியதும் ஓடியது. அடுத்த ஆண்டே இன்டெல்லும் அந்த வழிக்கு வந்துவிட்டது. பாதை போட்டவரின் பெயரைத்தான் டெபியனும் உபுண்டுவும் இன்றுவரை கோப்பில் எழுதுகின்றன.

ஆக, லினக்ஸைப் பொறுத்தவரை இரண்டு நிறுவனச் சில்லுகளும் பேசுவது ஒரே மொழி. அப்படியானால், கையில் அளவான பணத்தோடு தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறி, கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகிறவர் எதை வைத்து முடிவெடுப்பது?

அதற்கு முன் ஒன்று: தாம்பரம் பகுதிக்கு லினக்ஸ் புதிதில்லை. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-ல் தொடங்கிய எம்ஐடி, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த கல்லூரி. அந்த வளாகத்தில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய வள மையத்தை மத்திய அரசு 2005-ல் ஏற்படுத்தியபோது, அந்தப் பொறுப்பைச் சென்னையிலுள்ள சி-டாக் கணினி ஆய்வு நிறுவனமும் இந்த மையமும் சேர்ந்து ஏற்றன. அந்த முயற்சியில் பிறந்தது, டெபியன் மேல் கட்டப்பட்ட ‘பாஸ்’ லினக்ஸ். முதல் பதிப்பு 2007-ல் வந்தது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸும் அதில் இருந்தது. பல வீடுகளில் பிள்ளைகள் பார்த்த முதல் லினக்ஸ் அதுதான்.

இப்போது சந்தைக்கு வருவோம். குறைந்த செலவில் லினக்ஸ் கணினி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவே நிற்கிறார்கள். ஒன்று, 2022 ஜனவரியில் வந்த இன்டெல் கோர் ஐ3-12100. நான்கு கோர், எட்டு த்ரெட். இன்னொன்று, 2021-ல் வந்த ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். கோர் என்பதைச் சமையலறையில் நிற்கும் ஆள் என்று வைத்துக்கொண்டால், த்ரெட் அந்த ஆளின் கைகள். இன்டெல் பக்கம் ஆட்கள் குறைவு. ஆனால் ஒவ்வொருவரும் கொஞ்சம் சுறுசுறுப்பு. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், பைத்தான் பாடம் போன்றவற்றில் பெரும்பாலும் ஓர் ஆளே முன்னால் நின்று உழைக்கிறார் என்பதால், அங்கே ஐ3 சளைக்காது. லினக்ஸின் மையமான கெர்னலைத் தொகுப்பது, வீடியோ எடிட் செய்வது, ஒரே கணினிக்குள் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது என்று வந்தால் ஆறு பேர் இருக்கும் அடுப்படி முந்திக்கொள்ளும்.

இந்தக் கணக்கைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். லினக்ஸ்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி அந்தச் சில்லுக்குள்ளேயே இருக்கிறதா?

ஐ3-12100-க்கும் ஐ3-12100எஃப்-க்கும் பெட்டியில் ஓரெழுத்துதான் வித்தியாசம். விலையிலும் எஃப் சற்று மலிவு. மலிவுக்குக் காரணம், அதில் கிராபிக்ஸ் வேலை செய்யாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அதைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ஏஎம்டியில் இந்தத் தப்பு வேறு உருவில் வரும். 5600ஜி-யின் ‘ஜி’ கிராபிக்ஸ் இருப்பதற்கான அடையாளம். ரைசன் 5 5500-ம் ஆறு கோர்தான், ஆனால் அதில் படம் வராது. எஃப் இருந்தால் வேண்டாம், ஜி இருந்தால் நல்லது என்று இந்த இரண்டு சில்லுகளுக்கும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் தரத்திலும் இரண்டும் ஒன்றல்ல. 5600ஜி-யில் உள்ள வேகா கிராபிக்ஸ் சின்னச் சின்ன விளையாட்டுகளைத் தாங்கும். ஐ3-யின் யூஎச்டி 730 அந்த அளவுக்கு வராது. ஆனால் யூடியூப் இன்று நிறைய வீடியோக்களை ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. அதை விரித்துக் காட்ட ஐ3-க்குள் தனிச் சுற்று இருக்கிறது, 5600ஜி-யில் இல்லை. அங்கே கோர்களே அந்த வேலையையும் செய்யும். படம் ஓடும், விசிறிச் சத்தம் கூடலாம். நாள் முழுக்க வகுப்பு வீடியோ பார்க்கிற மாணவருக்கு இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது கேள்வி வயது பற்றியது. விண்டோஸில் டிரைவரைத் தனியாகத் தேடிப் போடுவது வழக்கம். லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி இரண்டின் கிராபிக்ஸ் டிரைவரும் கெர்னலுக்குள்ளேயே வந்துவிடும். இது பெரிய வசதி, ஆனால் கெர்னல் எழுதப்பட்ட காலத்தில் அந்தச் சில்லு தெரிந்திருக்க வேண்டும். டெபியன் 11 வந்தது 2021 ஆகஸ்டில். அதன் கெர்னல் 5.10, அதற்கும் முந்தைய ஆண்டுடையது. அதன் பிறகு பிறந்த ஐ3-12100-ஐ அதற்கு எப்படித் தெரியும்? ஏஎம்டிக்கு இன்னொரு தலைவலி இருந்தது. அதன் கிராபிக்ஸ் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள், கட்டற்ற உரிமம் இல்லை என்பதால் டெபியன் 11-ன் வழக்கமான நிறுவுவட்டில் இடம்பெறவில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இரண்டையும் தீர்த்தது: கெர்னல் 6.1, ஃபர்ம்வேரும் வட்டிலேயே. பழைய பென் டிரைவில் இருக்கும் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சில்லைக் குறை சொல்வது நியாயமில்லை.

சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொரு வித்தியாசம் தெரியும். 5600ஜி உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டுக்கான சில்லின் அடியில் 1331 ஊசிகள், நாற்றங்கால் போல நெருக்கமாக நிற்கும். இன்டெல்லின் எல்ஜிஏ1700 முறையில் சில்லின் அடி வழவழப்பு. மெல்லிய ஊசிகள் மதர்போர்டில் இருக்கும். எங்கே ஊசி இருக்கிறதோ அங்கேதான் ஆபத்து. சில்லுக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் சில வருடங்களில் இறுகிவிடும். சுத்தம் செய்வதற்காக ஏஎம்4 கூலரை வெடுக்கென்று தூக்கினால், பூட்டியிருந்த சாக்கெட்டிலிருந்து சில்லும் பிடுங்கிக்கொண்டு கூடவே வரும், ஊசிகள் வளையும். விவரம் தெரிந்த மெக்கானிக், கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியபின், கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித்தான் தூக்குவார்.

ஜிஎஸ்டி சாலைப் புழுதியும் மே மாத வெயிலும் சேரும் இடத்தில் இந்தச் சுத்தம் தவிர்க்க முடியாதது. 5600ஜி 95 டிகிரி வரையிலும், ஐ3 100 டிகிரி வரையிலும் தாங்கும். அந்த எல்லையைத் தொட்டால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கணினி மெதுவாகிவிட்டது என்று புதுச் சில்லு வாங்கக் கிளம்பும் முன், கூலரின் இடுக்கில் அடைந்திருக்கும் பஞ்சு போன்ற தூசியை ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம்.

மின்கட்டணப் பயம் இவ்விரண்டுக்கும் தேவையில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 60 வாட், 65 வாட் என்பதெல்லாம் சில்லு உழைக்கும்போது கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பத்துக்கான அளவுகோல். எழுதும்போதும் படிக்கும்போதும் சில்லு பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். கணினிப் பெட்டி சராசரியாக 40 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் எட்டு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 60 நாள் ஓடினால் 19.2 யூனிட்.

பணம் மிஞ்சினால் எங்கே போடுவது? ரேமில். சில்லுக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, பொது ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்குவதைவிட, எட்டு எட்டாக இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழியில் தரவு பாயும். 5600ஜி-யில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இந்த இரண்டுமே பட்ஜெட்டைத் தாண்டினால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. தென்சென்னைக்காரர்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கும் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலமும், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த ஊர் இது. அலுவலகங்கள் கழித்துக் கட்டும் டெஸ்க்டாப்கள் பழைய கணினிச் சந்தைக்கு வந்து சேர்கின்றன. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ அநேகமாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, ரைசனில் 2000 வரிசையோ அதற்கு மேலோ. அதற்கு முந்தைய ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 கணினிகள் விண்டோஸுக்கு வயதானவை. லினக்ஸுக்கு நல்ல உழைப்பாளிகள்.

அவற்றிலும் பொறுக்க வேண்டும். ஐ5-6500, ஐ5-7500 இரண்டிலும் நான்கு கோர்தான். ஆனால் யூடியூபின் விபி9 வீடியோக்களை முழுமையாக விரிக்கும் தனிச் சுற்று ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் 7500-ஐ எடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடலாம். பணம் கொடுக்கும் முன் பென் டிரைவில் உள்ள லினக்ஸைச் செருகி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். டெர்மினலில் ‘எல்எஸ்சிபியு’ என்று அடித்தால் சில்லு தன் பெயர், கோர், த்ரெட் அத்தனையையும் சொல்லிவிடும். வைஃபை, ஒலி, திரையின் முழு அளவு மூன்றும் அங்கேயே தெரிந்துவிடும். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

படிப்புக்கும் எழுத்துக்கும் வீடியோவுக்கும் ஐ3-12100. தொகுப்பு வேலைக்கும் மெய்நிகர் கணினிக்கும் சின்ன விளையாட்டுக்கும் 5600ஜி. கையில் காசு குறைவென்றால் ஏழாம் தலைமுறைப் பழைய ஐ5. இன்றைய சந்தையில் தீர்ப்பு இவ்வளவுதான்.

மூன்றாவது போட்டியாளர் ஒருவரும் வளர்ந்து வருகிறார், அதுவும் கிண்டிக்குப் பக்கத்தில். 2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளை மொழியை யார் வேண்டுமானாலும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்திச் சில்லு வடிவமைக்கலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு அதைக் கொண்டு ‘சக்தி’ வரிசைச் சில்லுகளை வடிவமைத்தது. அவற்றில் ஒன்று 2018-ல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலேயே வார்க்கப்பட்டு லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அதே ஆண்டு இன்னொன்று மொஹாலியின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் உருவானது.  வீட்டு மேசையில் பிரவுசர் ஓட்டும் வேகத்தைச் ‘சக்தி’ சில்லுகள் எட்ட இன்னும் தூரம் இருக்கிறது. ‘ஏஎம்டி64’ கோப்பும் அவற்றுக்குப் புரியாது.

ஆனால் 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ன் இறக்கப் பட்டியலில் புதுப் பெயர் ஒன்று முதன்முறையாக அதிகாரபூர்வமாகச் சேர்ந்திருக்கிறது. ‘ஏஎம்டி64’ இருக்கும் அதே வரிசையில், ‘ரிஸ்க்வி64’.