வியன்னா மருத்துவ மாநாட்டுக்குப் போறீங்களா? டிக்கெட்டுக்கு முன்னால் காலண்டரைப் பாருங்க!

‘உங்கள் ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டது’ என்று ஒரு மெயில் வந்தால், இளம் மருத்துவர் ஒருவர் முதலில் செய்வது அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. அடுத்து, விமான டிக்கெட் விலை பார்ப்பது. விசா ஞாபகம் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வருகிறது. சிக்கல் இந்த வரிசையில்தான் தொடங்குகிறது.

ஐரோப்பிய ரேடியாலஜி மாநாட்டையே எடுத்துக்கொள்வோம். மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஈசிஆர்’ என்பார்கள். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் நடக்கும் இந்த மாநாடு, வழக்கமாக பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச் முதல் வாரத்தில் வரும். 2024-ல் பிப்ரவரி 28 முதல் மார்ச் 3 வரை, 2025-ல் பிப்ரவரி 26 முதல் மார்ச் 2 வரை நடந்தது. இந்தியாவிலிருந்து பேராசிரியர்களும் போகிறார்கள், எம்.டி. படிக்கும் மாணவர்களும் போகிறார்கள். பின்னவர்களுக்குத்தான் ரிஸ்க் அதிகம். பதிவுக் கட்டணம், விமானம், ஹோட்டல், விசா எல்லாம் சேர்ந்தால் பல மாத ஸ்டைபெண்ட். பாஸ்போர்ட் இரண்டு நாள் தாமதமாக வந்தால்கூட, அதில் பெரும்பகுதி திரும்பாது.

எப்போ அப்ளை பண்ணணும்?

ஆஸ்திரியா ஷெங்கன் நாடு. ஷெங்கன் விதிப்படி, பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதிகபட்சத் தாமதம், 15 நாள் முன்பு வரை. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது பொது விதி. கூடுதலாகச் சரிபார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். பலர் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பிப்ரவரி 24 அன்று கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். விதிப்படி கடைசி நாள் பிப்ரவரி 9. ஆனால் 45 நாள் கணக்கில் பின்னோக்கி எண்ணினால், ஜனவரி 10-க்குள் கோப்பு உள்ளே போயிருக்க வேண்டும். அதை ஒட்டித்தான் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் திட்டம் எல்லாம் நிற்கின்றன. மதுரையிலோ திருநெல்வேலியிலோ படிப்பவர், விரல்ரேகை கொடுக்க சென்னை விஎஃப்எஸ் மையத்துக்கு வர வேண்டும். டியூட்டி மாற்றிக்கொள்ள யாரையாவது பிடிக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. சென்னை மையம் காகிதங்களை வாங்கும் இடம் மட்டுமே, முடிவு டெல்லியில் உள்ள தூதரகத்தில். போக வர கூரியருக்கும் நாள் போகும்.

ஆகவே ஆய்வு ஏற்கப்படுமா என்று தெரிவதற்கு முன்பே சில வேலைகளை முடித்துவைப்பதுதான் புத்திசாலித்தனம். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதா, திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுமா, இரண்டு பக்கம் காலியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கடந்த 59 மாதங்களுக்குள் ஷெங்கன் விசாவுக்காக விரல்ரேகை கொடுத்திருந்தால் பொதுவாக மறுபடி கொடுக்கத் தேவையில்லை. பழைய விசாவின் நகல் எங்கே என்று தேடி எடுத்துவையுங்கள்.

விசா கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்ப வராது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும்.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது, அதுதான் பெயர். மருத்துவமனைப் பலகையில் இனிஷியலோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து நிற்கும். இன்னும் சிலருக்கு குடும்பப் பெயர் கட்டமே காலி. மாநாட்டுப் பதிவில் ‘டாக்டர்’ சேர்த்து, இனிஷியலை முன்னால் போட்டுப் பதிந்துவிடுவார்கள். அந்தப் பதிவிலிருந்துதான் அழைப்புக் கடிதம் வரும். விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, காப்பீட்டில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லையே.

எனவே பதிவு, அழைப்புக் கடிதம், டிக்கெட், ஹோட்டல், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர். கழுத்தில் தொங்கும் பேட்ஜில் எப்படி வர வேண்டும் என்பதை வேண்டுமானால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

அழைப்புக் கடிதம் வந்துவிட்டதால் விசா உறுதி என்றும் நினைக்க வேண்டாம். நீங்கள் பதிவுசெய்திருக்கிறீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. திரும்பி வருவீர்கள் என்பதற்குச் சான்று உங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். வேலையில் இருப்பவருக்கு விடுப்புக் கடிதம், மாணவருக்கு டீனின் கடிதம், அரசு மருத்துவருக்கு வெளிநாடு செல்லும் அனுமதி. இதில் அரசு அனுமதிதான் மெதுவாக நகரும். விசாவுக்கு முன்பே அதைத் தொடங்கிவிட வேண்டும்.

செலவு யாருடையது?

விசா படிவம் நேராகவே கேட்கும் கேள்வி இது. சொந்தப் பணம் என்றால் வங்கிக் கணக்கு விவரமும் வருமான வரி ரசீதும் வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமா அனுப்பிய 3 லட்சம் ரூபாய் திடீரென்று கணக்கில் வந்து உட்கார்ந்தால், அது உதவியைவிடச் சந்தேகத்தைத்தான் கிளப்பும். பெற்றோர் செலவு செய்கிறார்கள் என்றால் அதை ஒளிக்க வேண்டாம். அவர்கள் கடிதத்தையும் அவர்கள் கணக்கையும் வையுங்கள்.

‘கம்பெனி பார்த்துக்கும்’ என்ற பழைய பழக்கத்துக்கு இப்போது இடமில்லை. மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகளின்படி, மாநாட்டுக்குப் போக மருத்துவருக்கோ குடும்பத்தினருக்கோ மருந்து நிறுவனங்கள் பயண டிக்கெட் தரக் கூடாது. தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சியில் உரையாற்றுபவராக இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. பார்வையாளராகப் போகிறவருக்கு நிறுவனத்தின் பெயரில் வந்த டிக்கெட்டை விசா கோப்பில் வைப்பது, தானே எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம் மாதிரி.

பணம் பறிபோகும் இன்னொரு வழி, போலி மெயில். பெரிய மாநாடுகளின் பெயரைச் சொல்லி, ‘அதிகாரபூர்வ ஹோட்டல் ஏஜென்சி, அறைகள் தீரப்போகின்றன’ என்று கார்டு விவரம் கேட்டு வரும். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், மாநாட்டின் தளத்துக்கு நீங்களே போய் அந்த ஏஜென்சி பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் போட்டுவிட்டால் விசா வரும்வரை பதற்றமும் குறையும். பதிவுக் கட்டணம் விசா மறுப்புக்குத் திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும்.

அப்படியே இத்தாலியையும் பார்த்துட்டு வந்துடலாமா?

பார்க்கலாம், தப்பில்லை. ஒரே விசாவில் ஷெங்கன் நாடுகளைச் சுற்றலாம். ஆனால் எந்த நாடு பயணத்தின் முதன்மை இடமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் கணக்கோ நோக்கமோ அதைத் தீர்மானிக்கும். வியன்னாவில் 4 நாள், இத்தாலியில் 9 நாள் என்று திட்டம் போட்டுவிட்டு ஆஸ்திரிய விசா கேட்டால், ‘மாநாடு ஒரு சாக்கா?’ என்ற கேள்வி வரத்தான் செய்யும். முதல் தடவை போகிறவர்கள் சுற்றுலாவைச் சுருக்கிக்கொள்வது நல்லது. வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலையில் போய் இரவு உணவுக்குத் திரும்பிவிடலாம்.

விமானத்தில் கவனிக்க வேண்டியது

துபாய், தோஹா வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை வியன்னாவில். பிராங்பர்ட் வழியாகப் போனால் சோதனை அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் ஷெங்கனுக்குள் நீங்கள் நுழையும் முதல் இடம் அதுதான். அந்த வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக டிஜிட்டல் நுழைவுப் பதிவு படிப்படியாக வந்தது. முதல் முறை போகிறவருக்கு முகப் படம் எடுத்துப் பதிவார்கள், அதற்கும் சில நிமிடம். டிக்கெட் தளம் காட்டும் 55 நிமிட இணைப்பைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

அழைப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, காப்பீடு, திரும்பும் டிக்கெட் நான்கையும் காகிதமாகக் கைப்பையில் வையுங்கள். விசா இருந்தாலும் எல்லையில் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பவர் பேங்க் கைப்பையில்தான். ஈசிஆர்-ல் போஸ்டர்கள் மின்னணு வடிவில் என்பதால், நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை மிச்சம்.

இறங்கியாச்சு, இனி எப்படி?

இங்கே ஒரே ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும்: யு1. சிவப்பு நிற மெட்ரோ பாதை. மாநாடு நடக்கும் ஆஸ்திரியா சென்டர் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் பெயரில் ‘ஆஸ்திரியா சென்டர்’ என்று தேடினால் கிடைக்காது. இறங்க வேண்டிய இடம் ‘கைசர்ம்யூலன்’. பக்கத்திலேயே ஐ.நா. வளாகமும் சர்வதேச அணுசக்தி முகமையும் இருக்கின்றன. அதன் வாசலில் பாதுகாப்புச் சோதனைக்குக் கூட்டம் நின்றால், அது உங்கள் வரிசை இல்லை. இன்னொரு குழப்பம், ‘மெஸ்ஸே வீன்’ என்ற கண்காட்சி வளாகம். வேறு பல மருத்துவ மாநாடுகள் அங்கே நடக்கும். அது யு2 பாதை. மேப்பில் ‘வியன்னா கன்வென்ஷன் சென்டர்’ என்று பொதுவாகத் தட்டினால், கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கிவிடுவீர்கள்.

விமான நிலையத்திலிருந்து ஓபிபி ரயிலில் ஏறினால் சுமார் 15 நிமிடத்தில் மத்திய ரயில் நிலையம். பெயர்ப் பலகையில் ‘ஹவுப்ட்பான்ஹோஃப்’. அங்கேயே கீழே இறங்கி யு1 பிடித்தால் வேறெங்கும் மாற வேண்டாம். பச்சை நிற சிட்டி ஏர்போர்ட் ட்ரெயின் வேறு, அதற்குத் தனி டிக்கெட், விலையும் அதிகம். பாதைப் பணிகளால் நேரம் மாறக்கூடும் என்பதால் ஓபிபி ஆப்பில் அன்றைய ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகர டிக்கெட் விமான நிலையம் வரை செல்லாது, கூடுதல் மண்டலத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டும். மெட்ரோவில் தடுப்புக் கதவே இருக்காது. ‘அட, யாரும் பார்க்கலையே’ என்று ஏறினால், சாதாரண உடையில் வரும் பரிசோதகர் நூறு யூரோவுக்கு மேல் தீட்டிவிடுவார்.

ஹோட்டலையும் யு1 ஓரமாகவே தேடுங்கள். ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், ஷ்வேடன்பிளாட்ஸ், பிராட்டர்ஷ்டெர்ன், கெப்லர்பிளாட்ஸ் எல்லாமே அந்தப் பாதையில் உள்ளவை. ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸிலிருந்து மாநாட்டுக்கு 6 நிறுத்தம்தான். மையத்தில் அறை விலை எகிறினால் கெப்லர்பிளாட்ஸ் பக்கம் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டினி வேண்டாம்

நம்மவர்கள் எதிர்பார்க்காதது இது. ஆஸ்திரியாவில் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டுகள் அடைத்திருக்கும், மாநாடோ ஞாயிறு வரை ஓடும். மத்திய ரயில் நிலையம், பிராட்டர்ஷ்டெர்ன் போன்ற பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் விதிவிலக்கு. தயிர், பழம், ரொட்டி சனிக்கிழமையே வாங்கிவிடலாம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர். 1873-லிருந்து அப்படித்தான் வருகிறது.

ஜிபே அங்கே உதவாது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் ஆஃப் ஆகியிருக்கும், வங்கி ஆப்பில் போய் நீங்களே ஆன் செய்ய வேண்டும். இயந்திரம் ‘ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவிலா?’ என்று கேட்டால் யூரோ. சின்னக் கடைகளுக்காகக் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும். நம்ம ஊர் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது என்பதால் லேப்டாப்புக்கு அடாப்டர் கட்டாயம். வியன்னா நேரம் அப்போது நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 மணிக்கு நீங்கள் பேச எழும்போது, இங்கே பிற்பகல் ஒன்றரை. குளிர் இரவில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். உடம்புக்கு முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் 144, பொது அவசரம் 112. டாக்டராகவே இருந்தாலும், தான் சாப்பிடும் மாத்திரைக்கு இன்னொரு டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொள்வது நல்லது.

ஊர் திரும்பியதும் போர்டிங் பாஸையும் வருகைச் சான்றிதழையும் விசா பக்கத்தின் நகலோடு சேர்த்து ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி, இரண்டையும் விதிப்படி பயன்படுத்தியவருக்கு, இரண்டு ஆண்டு செல்லும் பல நுழைவு விசா கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. அடுத்த ஆய்வு ஏற்கப்படும்போது அந்த ஃபோல்டர்தான் முதலில் தேவைப்படும்.