காலம் தெரிந்த கோட்டை, கட்டியவர் யார்?

எருசலேமிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால் ஏலா பள்ளத்தாக்கு வரும். தாவீது கவண்கல்லால் கோலியாத்தை வீழ்த்தியதாக விவிலியம் சொல்லும் இடம் அதுதான். அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு குன்றின் மேல் நிற்கிறது கிர்பெத் கெய்யாஃபா என்ற பழங்கோட்டை. 2007 முதல் 2013 வரை எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யோசெஃப் கார்ஃபின்கெலும் இஸ்ரேல் தொல்பொருள் துறையின் சாஅர் கனோரும் இங்கே அகழாய்வு நடத்தினார்கள். இது தாவீதின் யூதா அரசு கட்டிய எல்லைக் கோட்டை என்பது அவர்கள் முடிவு. பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கதை அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

முதலில் மதில். சுமார் 2.3 ஹெக்டேர் நிலத்தைச் சுற்றி 700 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. இரண்டு சுவர்களை இணையாக எழுப்பி, இடைவெளியை அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். வீடுகள் மதிலை ஒட்டியே கட்டப்பட்டதால், மதிலறைதான் வீட்டின் பின்னறை. பிற்கால யூதா நகரங்களின் அமைப்பும் இதுதான் என்கிறார் கார்ஃபின்கெல். இத்தகைய அறைமதில்கள் யோர்தானுக்குக் கிழக்கே மோவாபிலும் உண்டு என்பது எதிர்த்தரப்பின் பதில்.

காலத்தைச் சொன்னவை ஒலிவக் கொட்டைகள். உத்தரக் கட்டையைக் கரிமச் சோதனைக்கு அனுப்பினால் மரம் வளர்ந்த காலம்தான் கிடைக்கும். பழைய வீட்டிலிருந்து பிரித்தெடுத்த கட்டையாக இருந்தால் கணக்கு நூறாண்டுகூடப் பிசகலாம். ஒலிவமோ ஒரே பருவத்தில் காய்த்துப் பழுத்து உதிர்வது. கோட்டை அழிந்த மண்ணடுக்கில் கருகிக் கிடந்த கொட்டைகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகம் சோதித்தது. கி.மு. 11ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று விடை வந்தது. தாவீதுக்குச் சொல்லப்படும் காலமும் அதுவே. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன், அதே எண்களை வைத்து ஊர் இன்னும் சில பத்தாண்டுகள் நீடித்திருக்கலாம் என்று வாதிட்டார். எப்படியிருந்தாலும், இந்தக் கோட்டையைப் பற்றி நம்மிடம் உள்ள மிக உறுதியான சான்று இந்தக் கொட்டைகள்தான்.

ஆனால் காலம் வேறு, கட்டியவர் வேறு. வாதம் சூடு பிடிப்பது இங்கேதான்.

ஆடு, மாடு எலும்புகள் ஏராளமாகக் கிடைத்த இடத்தில் பன்றி எலும்பு இல்லை. சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த பெலிஸ்தரின் காத் நகரில் பன்றி உண்டார்கள். ஆகவே இங்கே வாழ்ந்தவர்கள் பெலிஸ்தர் அல்ல என்று கொள்வதில் நியாயம் இருக்கிறது. அதற்காக யூதா மக்கள் என்று தாண்டிவிட முடியாது. அக்காலக் கானானியர் ஊர்கள் சிலவற்றிலும் பன்றி எலும்பு அரிது. நதவ் நஅமான் என்ற ஆய்வாளர் இதைக் கானானியர் கோட்டை என்கிறார். ஃபின்கெல்ஸ்டைனோ விவிலியம் சொல்லும் அரசன் சவுலோடு தொடர்புள்ள வடக்கு அரசைக் கைகாட்டுகிறார்.

கோட்டைக்கு இரண்டு வாசல்கள் இருப்பதால், விவிலியம் சொல்லும் சாராயீம் இதுவே என்கிறார்கள் அகழாய்வாளர்கள். எபிரேயத்தில் அந்தப் பெயருக்கு ‘இரு வாசல்’ என்று பொருள் கொள்ளலாம். ஆனால் ‘இரு’ என்ற பொருளைத் தரும் அந்தப் பெயரின் கடைசி விகுதி வெறும் ஊர்ப்பெயர் விகுதியாகவும் இருக்கக்கூடும். கவர்ச்சியான பொருத்தம்தான், ஆனாலும் ஊகம்.

2008இல் இங்கே ஒரு பானை ஓடு கிடைத்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மையால் எழுதிய ஐந்து வரிகள். மூவாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததில் பல எழுத்துகள் மங்கிவிட்டன. ‘நியாயம்’, ‘அரசன்’ போன்ற சொற்கள் தெரிவதாக அறிஞர்கள் படிக்கிறார்கள். விதவைக்கும் அநாதைக்கும் நீதி செய்யச் சொல்லும் வாசகம் என ஒருவர் முழுதாக வாசித்துக் காட்டினார். மற்றவர்கள் ஏற்கவில்லை. மொழி எபிரேயம்தானா என்பதிலேயே ஒற்றுமை இல்லை.

2013இல் குன்றின் உச்சியில் தாவீதின் அரண்மனை கிடைத்ததாக அகழாய்வாளர்கள் அறிவித்தார்கள். பைசாந்தியக் காலக் கட்டடம் ஒன்று அதே இடத்தில் எழும்பியதில், பழைய கட்டடத்தின் பெரும்பகுதி அழிந்திருந்தது. மிஞ்சிய சுவர்கள் ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டுகின்றன. அதில் குடியிருந்தவரைக் காட்டவில்லை.

கோட்டையில் ஒரு ஜாடியின் மேல் ஒரு மனிதரின் பெயர் தெளிவாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது: பேதாவின் மகன் எஸ்பால். சவுலின் மகனுக்கும் எஸ்பால் என்ற பெயர் உண்டு. இவனுடைய தகப்பன் வேறு. தாவீதின் பெயர் பொறித்த கல்லோ ஓடோ கிர்பெத் கெய்யாஃபாவில் இதுவரை கிடைக்கவில்லை.