‘உம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது?

வீட்டு அறையில் மைக் வைத்துப் பாட்டோ பாட்காஸ்டோ பதிவு செய்கிறவர்கள், பதிவின் அடியில் ‘உம்ம்ம்’ என்று ஓர் உறுமலை என்றாவது ஒருநாள் கேட்டே தீருவார்கள். மைக்கை மாற்று, கேபிளை மாற்று என்று ஆளுக்கொரு யோசனை வரும். கடைக்குக் கிளம்பும் முன் அந்தச் சத்தத்தையே கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பது நல்லது. தன் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

இந்தியாவில் வீட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஆகவே நம் ஊர் உறுமல் 50-லும் அதன் மடங்குகளான 100, 150-லும் குடியிருக்கும். பதிவு மென்பொருளின் ஸ்பெக்ட்ரம் படத்தைத் திறந்தால் அந்த இடங்களில் ஊசி ஊசியாக நிற்பது தெரியும். மின்கட்டமைப்பின் அலைவெண் எப்போதும் துல்லியமாக 50-இல் நிற்பதில்லை. நொடிக்கு நொடி இம்மியளவு ஏறி இறங்கும். ஒரு பதிவில் ஒட்டியிருக்கும் உறுமலின் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே அது எப்போது எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கும் தடயவியல் முறைக்கு வழி திறந்தவர்களில் ருமேனியாவின் காட்டலின் கிரிகோராஸ் முக்கியமானவர். பாடகருக்குத் தொல்லை, போலீசுக்குச் சாட்சி!

உறுமலுக்கு அடிக்கடி காரணமாவது எர்த் வளையம். கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஸ்பீக்கர் எதிர்ச் சுவரிலும் செருகப்பட்டிருக்கும். இரண்டுக்கும் தனித்தனியே எர்த் உண்டு. போதாததற்கு, ஆடியோ கேபிளின் வெளியுறையும் இரண்டையும் இணைக்கிறது. இப்படி உருவாகும் வளையத்தில் சிறு மின்னோட்டம் ஓடி ஒலியோடு கலந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால், நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் உதவும். பிளக்கின் எர்த் முள்ளை உடைத்தாலும் சத்தம் போகலாம். கூடவே உயிரும் போகலாம். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று இருக்கிறதா? சார்ஜரிலிருந்து கசியும் மின்சாரம் அது. பதிவில் உறுமலாக ஏறுவதும் அதுவாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் குற்றவாளி யார் என்பது நொடியில் தெரிந்துவிடும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் கதை வேறு. அதன் காந்தச் சுருள் கம்பியின் அதிர்வைப் பிடிப்பதுபோலவே அறையில் உள்ள மின்காந்தப் புலத்தையும் பிடிக்கிறது. கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு சுருள்கள். அவற்றின் காந்த முனைகளும் எதிரெதிர். கம்பியின் ஒலி இரண்டிலும் சேர்ந்து கூடுகிறது. வெளியிலிருந்து வந்த உறுமல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. ‘ஹம்பக்கர்’ பிறந்த கதை இதுதான். மைக்கிலிருந்து வரும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கேபிளின் சூட்சுமமும் இதற்கு உறவு: ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் தலைகீழாக ஓடுகிறது, முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்று கழிக்கப்படுகிறது, வழியில் இரண்டிலும் ஒரேபோல் ஒட்டிய சத்தம் மறைகிறது. இத்தனை எளிய கணக்கு இவ்வளவு வேலை செய்வது அழகுதான்.

‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. மின்தடை உள்ள எந்தப் பொருளிலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைபாய்கின்றன. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அந்த இரைச்சலை அளந்தார், நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு சொன்னார். இருவர் கட்டுரைகளும் 1928-இல் வந்தன. அதை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் ஒலியைப் பலமாக்கினால் அது பின்னுக்குப் போகும். வாய்க்கும் மைக்குக்கும் 60 செ.மீ. இருந்ததை 15 ஆக்கினால், குரல் சுமார் 12 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு கெயினைத் திருப்பிக் குறைக்கலாம். சீறலோடு பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமும் இறங்கும்.

தேடும் முறை ஒன்றுண்டு. பதிவான கோப்பை வேறு கருவியில் போட்டுக் கேட்க வேண்டும். அங்கே சத்தம் இல்லையென்றால் பதிவு சுத்தம், பழி ஹெட்போன் பக்கத்தில். இருந்தால், கெயினைக் குறைத்துப் பார்க்க வேண்டும். சத்தமும் கூடவே குறைந்தால் அது கெயின் சுற்றுக்கு முன்பே நுழைந்திருக்கிறது: மைக்கில், கேபிளில், அல்லது அறையில். குறையாவிட்டால் அதற்குப் பின்னால். பிறகு சுற்றியுள்ள கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போகலாம்.

அந்த வரிசையில் ஃபேன் ரெகுலேட்டரை மறக்கக் கூடாது. மின்னலையை வெட்டி வேகம் குறைக்கும் சில எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் கரகரவென்ற சத்தத்தைக் கம்பி வழியே பரப்பும், மோட்டாரையும் முனகவைக்கும். மின்தேக்கி வைத்த படிநிலை ரெகுலேட்டருக்கு மாறினால் அந்தக் கரகரப்பு நிற்கும், இறக்கைகளின் காற்றுச் சத்தம் நிற்காது. அதற்கு மருந்து சுவிட்சை அணைப்பதுதான். மே மாதத்தில் பாடுகிறவர்கள் விடியற்காலையில் பதிவை வைத்துக்கொள்வது அதனால்தான்.