தனிப்படங்களும் கூட்டுப்படமும்

எம் பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தே உருப்பெறுகின்றது. பெட்டிகளை வண்டியாக்கும் கொக்கியின் வேலை பின்னரே வருவது. திரைப்படத் தொடரும் அத்தகையதே. அமெரிக்க மார்வெல் நிறுவனத்தார் 2008 முதல் 2011 வரை ஐந்து வீரப்படங்களைத் தனித்தனியே எடுத்து, அவற்றின் வீரர்களை 2012-இல் ‘அவெஞ்சர்ஸ்’ என்னும் படத்தில் ஒருங்கு கூட்டினர்.

தமிழில் இம்முறையை மேற்கொண்டவர் இயக்குநர் லோகேஷ் கனகராஜ். 2019-இல் வந்த ‘கைதி’யில், பத்தாண்டுச் சிறைவாசம் முடிந்த டில்லி, முன் கண்டிராத மகளைக் காணச் செல்கின்றான்; ஓரிரவின் இடர்கள் குறுக்கிடுகின்றன. 2022-இல் வந்த ‘விக்ரம்’, அப்பெயருடைய 1986-ஆம் ஆண்டுப் படத்தின் ஒற்றனை மீட்டுக் கொணர்ந்ததுடன், ‘கைதி’யின் காவலதிகாரி பிஜாயையும் சேர்த்துக்கொண்டது. 2023-இல் ‘லியோ’வினுள் புகுந்தவரோ நெப்போலியன் என்னும் எளிய காவலர், ‘கைதி’யில் கல்லூரி மாணவர் சிலரைத் துணைக்கொண்டு காவல் அலுவலகத்தைக் காத்தவர்.

கொக்கி எத்துணை வலிதாயினும், பெட்டியில் அமர இடமின்றேல் பயன் என்னை? தந்தையும் மகளும் சந்திக்க, ‘கைதி’ தன்னளவில் நிறைவுற்றது. அதனாலன்றோ டில்லியை மீண்டும் காண விழைகின்றோம்! அடுத்த படத்திற்கு விளம்பரமாக மட்டும் நிற்கும் படத்தை எவரும் நினைவிற் கொள்ளார். மாணவராகிய நமக்கும் இஃது ஒக்கும்: தனித்து நிறைந்தோரே கூட்டத்திற்கு வலிமையாவர்.