எண்ணெய் அழுத்தம் கூடினால் நல்லதா? ஒரு தவறான வாக்கியமும் விமான எஞ்சினும்



எஸ்.பி.எம். பயிற்சிக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியத்தில் என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. "விமான எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் அதிகமாக இருந்தால் உராய்வு குறையும், எஞ்சின் நன்றாக இயங்கும்." இலக்கணப் பிழை இல்லை, சந்தியும் சரி. ஆனால் செய்தி தப்பு. எழுதியவன் படிவம் ஐந்து முடித்துவிட்டு விமானப் பராமரிப்புப் படிக்க ஆசைப்படும் பையன். "ஏன் சார் தப்பு? அழுத்தம் கூடினா நல்லதுதானே?" என்று கேட்டான். நான் தமிழ் ஆசிரியர். உடனே பதில் வரவில்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்குச் சொன்னேன். உங்களிடமும் யாராவது கேட்கலாம்.

நம் ஊர் மோட்டார் பட்டறையில் 'மினியாக் ஹித்தாம்' மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். விமான எஞ்சினிலும் அந்த மசகெண்ணெய்க்கு முக்கியமான வேலைகள் இரண்டு. சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் மெல்லிய படலமாக நின்று, உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது ஒன்று. அங்கே உண்டாகும் வெப்பத்தைச் சுமந்து வெளியே கொண்டுபோவது இன்னொன்று. மாணவர்கள் பெரும்பாலும் முதல் வேலையை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது அழுத்தம். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றுதான் நாம் எழுதுவோம். உண்மையில் பம்ப் தருவது ஓட்டம். அந்த ஓட்டம் குறுகலான வழிகளிலும் பேரிங் இடைவெளிகளிலும் நுழையும்போது ஏற்படும் தடையால்தான் அழுத்தம் பிறக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள், புரிந்துவிடும். ஆகவே மானியில் அழுத்தம் அதிகமாகக் காட்டினால் எண்ணெய் நிறைய ஓடுகிறது என்று அர்த்தமில்லை. எங்கோ அடைப்பு இருந்தாலும் முள் மேலே போகலாம்.

எஞ்சின் வேகமாகச் சுழன்றால் பம்பும் வேகமாகச் சுழலும். தேவைக்கு மேல் எண்ணெய் வரும். அதைச் சமாளிக்கவே அழுத்தத் தணிப்பு வால்வு. ஒரு சுருள்வில் ஒரு சிறு அடைப்பானை அழுத்திப் பிடித்திருக்கும். எண்ணெயின் அழுத்தம் வில்லின் விசையை மிஞ்சும்போது அடைப்பான் விலகும். மிகுதி எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். வீட்டுக் குக்கரின் வெயிட் தூக்கி விசில் அடிப்பதும் இதே தத்துவம்தான். ஆனால் குக்கரில் ஆவி வெளியே போய்விடும், இங்கே ஒரு சொட்டும் வீணாகாது. சிறிய விமான எஞ்சின்கள் பலவற்றில் மெக்கானிக் ஒரு திருகைத் திருப்பி வில்லை இறுக்கலாம், தளர்த்தலாம். அழுத்தத்தைக் 'கட்டுப்படுத்துவது' என்பது பெரும்பாலும் இந்தச் சின்ன வில்தான்!

எண்களையும் பார்ப்போம். பறக்கப் பழகுவோர் ஓட்டும் செஸ்னா 172எஸ் விமானத்தில் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 90 பவுண்டு வரை இருப்பது இயல்பு. 20க்குக் கீழே இறங்கக்கூடாது, 115ஐத் தாண்டவும் கூடாது. மேல்வரம்பு என்று ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். அதைத் தாண்டினால் குழாய், வடிகட்டி, குளிர்விப்பான் இவற்றில் ஏதாவது வெடிக்கலாம், கசியலாம். பெரிய ஜெட் எஞ்சின்கள் பலவற்றில் கதை கொஞ்சம் வேறு: வேகத்தோடு அழுத்தமும் ஏறி இறங்க விட்டுவிடுவார்கள், வால்வு பாதுகாப்புக்கு மட்டும்.

வெப்பத்தை விட்டுவிட்டு அழுத்தத்தைப் பேச முடியாது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், அழுத்தம் ஏறும். சூடான எண்ணெய் நீர்த்துவிடும், அழுத்தம் இறங்கும். பாயான் லெப்பாஸ் ஓடுபாதை அருகே நண்பகல் வெயிலில் ஒரு சின்ன விமானம் முறைக்குக் காத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றோட்டம் குறைவு, எண்ணெய் சூடாகும், மெதுவாகச் சுழலும் எஞ்சினில் முள் தாழும். எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு முன்னால் வெப்பத்தை உணரும் ஒரு வால்வு உண்டு. எண்ணெய் குளிராக இருக்கும்போது குளிர்விப்பானைச் சுற்றிக்கொண்டு போக விடும். சுமார் 85 பாகை செல்சியஸில் அந்தக் குறுக்குவழியை மூடி, எண்ணெயைக் குளிர்விப்பான் வழியே அனுப்பும்.

அதனால்தான் விமானி இரண்டு மானிகளையும் சேர்த்தே படிக்கிறார். அழுத்தம் இறங்கி, வெப்பம் இயல்பாக இருந்தால் மானியோ வால்வோ கோளாறாக இருக்கலாம். அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்கி வெப்பமும் ஏறினால் எண்ணெய் உண்மையிலேயே போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். ஒரே முள், பக்கத்து முள்ளைப் பொறுத்து வேறு பொருள். சூழல் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள் என்று கருத்துணர்தலில் நாம் தொண்டை வற்றச் சொல்வது இதைத்தானே.

அழுத்தத்தில் ஓடும் எண்ணெய் சின்ன ஓட்டை கிடைத்தாலும் வெளியே பீய்ச்சும். 2010 நவம்பர் 4ஆம் தேதி சிங்கப்பூர் சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் 32, ஒரு ஏர்பஸ் ஏ380. பாத்தாம் தீவுக்கு மேலே அதன் இரண்டாவது எஞ்சின் வெடித்துச் சிதறியது. ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் கண்டறிந்த காரணம் ஒரு சிறிய எண்ணெய்க் குழாய். தயாரிப்பில் துளை சற்று விலகிப்போனதால் குழாய்ச் சுவர் ஒரு பக்கம் மெலிந்து, நாளடைவில் விரிசல் விட்டது. கசிந்த எண்ணெய் சூடான பகுதியில் தீப்பற்றியது; விசையாழியின் வட்டு தண்டிலிருந்து பிரிந்து கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று உடைந்தது. துண்டுகள் இறக்கையையும் துளைத்தன. விமானம் மீண்டும் சாங்கியிலேயே இறங்கியது. அதிலிருந்த 469 பேரும் உயிர் தப்பினர்.

அந்தப் பையனிடம் வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதச் சொன்னேன். இரண்டாம் முயற்சியில் இப்படி எழுதினான்: "எண்ணெய் அழுத்தம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால்தான் பேரிங்குகளுக்குப் போதிய எண்ணெய் சென்று உராய்வும் வெப்பமும் குறையும்." 'அதிகமாக' போய் 'வரம்புக்குள்' வந்தது. முழுப் புள்ளி கொடுத்தேன். வகுப்பில் இதைப் பயிற்சியாக வைக்க விரும்பினால் முதலில் பழைய வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, பிழை எங்கே என்று கேளுங்கள். நிறைய பேர் ஒற்றுப் பிழையைத்தான் தேடுவார்கள்.